எஃப் வரிசையும் 45 நாள் கெடுவும்: கல்லூரி நிதியுதவி அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளின் நிதியுதவி அலுவலகங்களுக்கு ஆண்டு பிறப்பது ஜூலை 1-ல். மாணவர் உதவி விதிகளும் பெரும்பாலும் அன்றுதான் மாறும். நவம்பர் 1-க்குள் இறுதி வடிவில் வெளியான விதி அடுத்த ஜூலை 1-ல் நடைமுறைக்கு வரும் என்று உயர்கல்விச் சட்டத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. இடைப்பட்ட மாதங்கள் பயிற்சிக் காலம். ஃபெடரல் கல்வித் துறை நடத்துவது ஒரு பக்கம், 1966-ல் தொடங்கிய நாஸ்ஃபா என்ற நிதியுதவி அலுவலர் சங்கம் நடத்துவது இன்னொரு பக்கம், மாநிலச் சங்கங்களின் கூட்டங்கள் வேறு. மாணவர் கடன் விதிகளையும் மாற்றி 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான பெரிய சட்டத்துக்குப் பிறகு இந்தப் பயிற்சிகளுக்கு முடிவே இல்லை என்றாகிவிட்டது.

கணவருக்கோ மனைவிக்கோ கிடைத்த வேலையால் இங்கே வந்து, வேலை அனுமதி கிடைத்ததும் கல்லூரி அலுவலகங்களில் சேரும் தமிழர்கள் சிலருக்கு நான் பயிற்சி கொடுப்பதுண்டு. எல்லோரும் படித்தவர்கள், கணக்கில் புலிகள். ஆனாலும் நாங்கள் ஒரு காலத்தில் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். கையெழுத்து விட்டுப்போவது, பிறந்த தேதி மாறிப்போவது போன்றவற்றைக் கணினியே பிடித்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பயிற்சி ஸ்லைடை விதியாக எடுத்துக்கொள்வது

ஸ்லைடு என்பது யாரோ ஒருவர், ஏதோ ஒரு உதவி ஆண்டுக்காகச் செய்த சுருக்கம். அதில் ஆண்டு எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் நகலெடுக்கும்போது காணாமல் போகும்.

2024-25 உதவி ஆண்டில் குடும்பத்தின் பங்களிப்பைக் கணக்கிடும் பழைய ஈ.எஃப்.சி. போய், எஸ்.ஏ.ஐ. என்ற குறியீடு வந்தது. பழையது பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது, புதியது மைனஸ் 1,500 வரை இறங்கும். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படித்தால் பெற்றோரின் பங்கை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் ஒழிந்தது. ஆனால் எத்தனை பேர் கல்லூரியில் படிக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் ஃபெடரல் உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா படிவத்தில் தங்கிவிட்டது. புதிதாக வருபவர் அந்தக் கேள்வியைப் பார்க்கிறார், மேசையில் ஒட்டியிருக்கும் பழைய குறிப்பையும் பார்க்கிறார், இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். இளைய மகளைச் சேர்க்க வந்த தகப்பன் ஒருவரிடம் "மூத்தவளும் படிப்பதால் உங்கள் பங்கு பாதியாகிவிடும்" என்று ஒரு கல்லூரி அலுவலர் உறுதியாகச் சொல்லியிருந்தார். பாதியாகவில்லை. அந்த மனிதர் மற்றொரு கல்லூரியின் இடத்தை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் விவரம் தெரிந்தது.

எந்தக் குறிப்பின் தலையிலும் உதவி ஆண்டை எழுதுங்கள். அதே ஆண்டுக்கான ஃபெடரல் கையேட்டில் எந்தத் தொகுதி, எந்த அத்தியாயம் என்பதையும் எழுதுங்கள். எழுத முடியாத குறிப்பைக் குப்பைக் கூடையில் போடுங்கள்.

எல்லாப் பாடத்திலும் எஃப் வாங்கிய மாணவரை அப்படியே விட்டுவிடுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஃபெடரல் உதவி வாங்கிய மாணவர் பருவத்தின் நடுவே படிப்பை விட்டுப் போனால், அவர் ஈட்டாத பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் எங்கள் அலுவலகங்களில் ஆர்-டூ-டி-ஃபோர் என்கிறோம். பருவத்தின் 60 சதவீதத்தைத் தாண்டியவர் முழுத் தொகையையும் ஈட்டிவிட்டார். அதற்குள் போனவர் எத்தனை சதவீத நாள் இருந்தாரோ அத்தனை சதவீதம்தான் ஈட்டியிருக்கிறார். முறைப்படி விலகல் படிவம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களால் தொல்லை இல்லை. சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள்தான் பிரச்சினை. பருவ இறுதியில் அவர்கள் பெயருக்கு நேரே எஃப், எஃப், எஃப், எஃப் என்று ஒரு வரிசை வந்து நிற்கும்.

அந்த வரிசையைப் பார்த்ததும் புதியவர் "பாவம், தோற்றுவிட்டான்" என்று அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறார். ஒரு பாடத்திலாவது கடைசி வரை இருந்து தோற்றார் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், அவர் இடையிலேயே விலகிவிட்டார் என்றுதான் கல்லூரி எடுத்துக்கொள்ள வேண்டும். வருகைப் பதிவு கட்டாயம் இல்லாத கல்லூரியில் அவருடைய விலகல் தேதி பருவத்தின் நடுப்புள்ளி. கடைசியாகப் படிப்பில் ஈடுபட்ட தேதிக்குச் சான்று இருந்தால் அந்தத் தேதியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வகுப்புக்குக்கூட வரவே இல்லை என்றால் கதையே வேறு. அப்போது இந்தக் கணக்கே கிடையாது, கொடுத்த உதவி முழுவதும் திரும்ப வேண்டும். நான்கு பாடத்தில் இரண்டை மட்டும் தொடங்கியிருந்தார் என்றால் முதலில் பெல் மானியத்தை (வசதி குறைந்த மாணவருக்கான ஃபெடரல் மானியம்) குறைத்துக் கணக்கிட்டுவிட்டுத்தான் விலகல் கணக்குக்கு வர வேண்டும்.

கொஞ்சம் விவரமான புதியவர் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புவார்: "இந்த மாணவர் எதுவரை இருந்தார்?" பதில் வரும்: "ஏப்ரல் 20 வரை பாடத் தளத்துக்குள் வந்திருக்கிறார்." உடனே ஏப்ரல் 20 என்று பதிந்துவிடுவார். 2021 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த விதி, படிப்பில் ஈடுபடுதல் என்றால் என்ன என்று பட்டியலே போட்டிருக்கிறது. வகுப்பில் நேரடியாகக் கலந்துகொள்வது, பயிற்சித் தாள் கொடுப்பது, தேர்வு எழுதுவது, ஆசிரியர் ஏற்படுத்திய விவாதத்தில் பங்கெடுப்பது, பாடம் பற்றி ஆசிரியரிடம் பேசுவது எல்லாம் கணக்கில் வரும். இணையத் தளத்துக்குள் நுழைந்து பார்த்துவிட்டுப் போவது மட்டும் வராது, படிப்பு ஆலோசகரைச் சந்திப்பதும் வராது. ஆகவே பேராசிரியரிடம் "எதுவரை இருந்தார்" என்று கேட்காதீர்கள். "கடைசியாக எந்தத் தேதியில் என்ன எழுதிக் கொடுத்தார்" என்று கேளுங்கள். பதில் தரமாகவும் வரும், தணிக்கையிலும் நிற்கும்.

அடுத்தது நாள் கணக்கு. 2026 வசந்தப் பருவம் ஜனவரி 12 திங்கள் தொடங்கி மே 1 வெள்ளி முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 110 நாட்கள். ஒரு மாணவர் மார்ச் 20-ல் விலகுகிறார். அதுவரை 68 நாட்கள். 68-ஐ 110-ஆல் வகுத்தால் 61.8 சதவீதம், 60-ஐத் தாண்டிவிட்டார், திருப்ப எதுவும் இல்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். நடுவே மார்ச் 9 முதல் 13 வரை வசந்த விடுமுறை வந்ததை மறந்துவிடுவார்கள். தொடர்ந்து ஐந்து நாளோ அதற்கு மேலோ விடுமுறை விட்டால் அந்த நாட்களை மேலேயும் கீழேயும் கழிக்க வேண்டும். நினைவிருப்பவர்களும் ஐந்து நாளைத்தான் கழிப்பார்கள். 63-ஐ 105-ஆல் வகுத்தால் சரியாக 60 வரும். உண்மையில் முன்னும் பின்னும் உள்ள சனி, ஞாயிறும் சேர்ந்து, மார்ச் 7 முதல் 15 வரை, ஒன்பது நாள் விடுமுறை. 59-ஐ 101-ஆல் வகுங்கள். 58.4 சதவீதம். 41.6 சதவீதத்தை அவர் ஈட்டவில்லை. மானியமும் கடனும் சேர்த்து 6,448 டாலர் வாங்கியிருந்தால் ஈட்டாதது ஏறத்தாழ 2,682 டாலர். கல்லூரிக் கட்டணம் 2,400 டாலர் என்றால் அதில் 41.6 சதவீதமான 998 டாலரைக் கல்லூரி தன் கையிலிருந்து திருப்ப வேண்டும். திருப்பும் வரிசையும் நம் விருப்பம் இல்லை. வட்டி மானியம் இல்லாத கடன் முதலில், பெல் மானியம் கடன்களுக்குப் பிறகு.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டுத் தேதியில் கோட்டை விட்ட ஒரு கோப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. விலகியதைக் கல்லூரி தீர்மானித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். சொல்லாமல் போனவர் விஷயத்தில் பருவம் முடிந்து 30 நாளுக்குள் தீர்மானித்தாக வேண்டும். இந்த இரண்டையும் கூட்டி, "அக்கா, நமக்கு 75 நாள் இருக்கிறதே" என்று ஒரு பெண் என்னிடம் மகிழ்ச்சியாகச் சொன்னாள். 30 நாள் என்பது கடைசி எல்லை. அதற்கு முன்பே கல்லூரிக்குத் தெரிந்துவிட்டால் 45 நாள் அன்றே ஓடத் தொடங்கிவிடும். அந்தப் பெண் வேலை பார்த்த கல்லூரியில் எஃப் போடும் ஆசிரியர் கடைசி ஈடுபாட்டுத் தேதியையும் அதே திரையில் பதிய வேண்டும். மே 6-ல் எல்லா ஆசிரியர்களும் பதிந்துவிட்டார்கள். நிதியுதவி அலுவலகம் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தது மே 29-ல். தீர்மானித்த நாள் மே 29 என்று எழுதிக்கொண்டு ஜூலை 8-ல் பணத்தைத் திருப்பினார்கள், 45 நாளுக்குள் முடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு. தணிக்கையாளர் மே 6 என்று எடுத்தார். கெடு ஜூன் 20-லேயே முடிந்திருந்தது. பட்டியலைப் பார்க்காமல் இருந்தது அலுவலகம்தான், கல்லூரிக்குத் தெரிந்தது மே 6-ல் என்பது அவர் வாதம். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பிறகு மாதிரிக்கு எடுத்த கோப்புகளின் எண்ணிக்கை கூடியது, அதே தவறு வரிசையாக அகப்பட்டது. கணக்குப் போட்ட பெண்ணைக் குறை சொன்னார்கள். மதிப்பெண் பதியும் கடைசி நாளுக்கு மறுநாளே அந்தப் பட்டியலை ஓட்ட வேண்டும் என்று அவளுக்கு எந்தப் பயிற்சியிலும், எந்த மேலதிகாரியும் சொல்லித் தரவில்லை. நாட்காட்டியில் குறிக்க ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை அது.

எஃப்-1 விசா மாணவருக்கு ஃபாஃப்சா

ஃபெடரல் உதவி கிடையாது. பெற்றோர் எச்-1பி விசாவில் இருந்தாலும் இங்கே பிறந்த பிள்ளை குடிமகன், விண்ணப்பிக்கலாம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

தொலைபேசியில் அம்மாவிடம் தொகையைச் சொல்வது

மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் ஃபெர்பா சட்டம் நினைவிருக்கட்டும். உங்கள் கல்லூரியின் கொள்கையைப் பார்க்கும்வரை வாயைத் திறக்காதீர்கள், தமிழில் கேட்டாலும்.

இரக்கப்பட்டு எண்ணை மாற்றிவிடுவது

வேலை போன குடும்பத்துக்கு வருமானத்தைக் குறைத்துக் கணக்கிட நமக்கு அதிகாரம் உண்டு. கோரிக்கைகளை ஒட்டுமொத்தமாக மறுக்கும் கொள்கை வைத்துக்கொள்ளக் கூடாது என்றுகூட இப்போது சட்டம் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பார்த்து, சான்றை இணைத்து, காரணத்தை எழுத வேண்டும். "நிலைமை கஷ்டம்" என்ற இரண்டு சொல் காரணம் ஆகாது.

சட்டம் வந்த நாளையும் அது நடைமுறைக்கு வரும் நாளையும் ஒன்றாக்குவது

2025 ஜூலையில் செய்தி வந்ததிலிருந்து முதுகலை மாணவர்களிடம், அவர்களுக்கான ஃபெடரல் கடனான "கிராட் பிளஸ் கடன் ஒழிந்துவிட்டது" என்று சொல்லத் தொடங்கியவர்கள் உண்டு. சட்டம் சொல்வது 2026 ஜூலை 1 முதல், புதிய கடனாளிகளுக்கு. அன்றிலிருந்து முதுகலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. பெற்றோர் வாங்கும் பிளஸ் கடனுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000.

2026 ஜூன் 30-ல் ஒரு படிப்பில் சேர்ந்திருந்து, அதே படிப்புக்காக ஏற்கெனவே ஃபெடரல் கடன் பெற்றவர் பழைய வரம்பிலேயே தொடரலாம். எவ்வளவு காலம் என்பதில்தான் அடுத்த சறுக்கல். மூன்று ஆண்டு அல்லது படிப்பில் மீதமுள்ள காலம், இரண்டில் எது குறைவோ அது. ஒரே ஒரு ஆண்டு மீதமுள்ள மாணவரிடம் "உங்களுக்கு மூன்று ஆண்டு சலுகை" என்று சொல்லி அனுப்பினால், அவர் அதை நம்பி இரண்டாவது முதுகலைக்கு விண்ணப்பித்துவிட்டு வந்து நம் முன்னால் உட்காருவார்.

அதனால் அப்படிப்பட்ட மாணவரின் கோப்பைத் திறந்ததும் மூன்று விவரங்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: ஜூன் 30-ல் எந்தப் படிப்பில் இருந்தார், அந்தப் படிப்புக்கு முதல் கடன் எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, எப்போது முடிக்க வேண்டும். நடுவில் படிப்பை மாற்றியிருக்கிறாரா என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். மாணவரின் வாய்வார்த்தையை வைத்துப் பதியாதீர்கள்.