மரமில் ஆர்டருக்கு டெலிவரி தேதி சொல்றது எப்படி

சென்னை மாதவரம் பக்கம் மரமில் வச்சிருக்கறவங்களுக்கு சொல்றேன், கஸ்டமர் போன்ல கேட்டதும் "வெள்ளிக்கிழமை குடுத்துடறேன்"னு வாயில வர்ற தேதிய சொல்லிடாதீங்க. முதல்ல ஸ்டாக் நோட்டுல அறுத்த மரம் எவ்ளோ, அதுல ஏற்கனவே வாக்கு குடுத்தது எவ்ளோன்னு கழிச்சு பாருங்க, மிச்சம்தான் உங்க கையில இருக்கறது.

5க்கு 3 இன்ச் சட்டத்துல ஒரு கதவு நிலைக்கு 7 அடி ரெண்டு, 4 அடி ஒண்ணு, மொத்தம் 18 அடி, அதாவது 1.875 சிஎஃப்டி (கன அடி). 10 நிலைன்னா 18.75. ஆனா அறுக்காத தடியில (லாக்) அவ்ளோ சிஎஃப்டி இருந்தா போதும்னு நினைக்காதீங்க, தூள், வெடிப்பு, ஓரத்துல கழியற சைடு பலகைன்னு நிறைய போயிடும், 7 அடி நேரா கிடைக்குமான்னும் பாக்கணும்.

அந்த சைடு பலகைக்கும் அப்பவே ஆள் பாத்துடுங்க, இல்லன்னா இடத்த அடைச்சுட்டு கிடக்கும்.

ஈர மரத்துக்கும் காஞ்ச மரத்துக்கும் தனித்தனி தேதி வைங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இங்க மழை, வெளிய அடுக்கி வச்சது காயவே காயாது, நான் ஒரு தடவ அவசரப்பட்டு குடுத்து கதவு முறுக்கிக்கிச்சு, அந்த வீட்டம்மா முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. காஞ்ச மரம்னு குடுக்கறத ஈரம் பாக்கற மீட்டர் வச்சு, ஈரம் 12 சதவீதம் கிட்ட வந்தா மட்டும் வண்டியில ஏத்துங்க. அட்வான்ஸ் வந்த நிமிஷமே அந்த ஆர்டருக்கு ஒதுக்கின மர அடுக்கு (லாட்) மேல சாக்பீஸ்ல கஸ்டமர் பேர் எழுதிடுங்க.