கொடைக்கு வில்லுப்பாட்டையும் மேளத்தையும் அமர்த்தும்போது செய்யக்கூடாதவை

நாகர்கோவில், தக்கலை தொடங்கி செங்கோட்டை, புளியரை வரை உள்ளூர் வாத்தியக்காரர்களின் பிழைப்பு பெரும்பாலும் கொடை எனும் ஊர்க் கோயில் திருவிழாக்களை நம்பித்தான் ஓடுகிறது. அவர்கள்மேல் ஊருக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. ஏற்பாட்டில்தான் கோட்டை விடுகிறோம்.

கொடைக்குப் பந்தல்கால் நடும் கால்நாட்டு முடிந்தபிறகு வில்லுப்பாட்டுக் குழுவைப் பேசப் போவது முதல் தவறு. கொடை பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியை ஒட்டியே வரும். ஒரே வெள்ளிக்குப் பல ஊர்கள், குழுவில் முதன்மையாகப் பாடுகிற ஒரே அண்ணாவியைத் தேடும். கடைசி நேரத்தில் ஏஜென்ட் கையில்தான் போய் விழ வேண்டும். கமிஷன் போக மிச்சம்தான் பாடுகிறவர் கைக்கு வரும். இரண்டு மாதம் முன்பே நேரில் போய் வெற்றிலை பாக்கோடு கால் பங்கு அச்சாரம் கொடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், வண்டி வாடகை யார் பொறுப்பு, மழையில் நின்றுபோனால் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். “ஊர் வரி பிரியட்டும், தந்திடுதோம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். குடம் அடித்தவருக்கும் உடுக்கைக்காரருக்கும் அண்ணாவி அன்றிரவே பங்கு பிரிக்க வேண்டும்.

அதிகம் கெடுவது மைக்கில்தான். சவுண்ட் சர்வீஸ் தம்பிக்கு எக்கோ என்றால் உயிர். வில்லுப்பாட்டோ கதை, சொல் புரியாவிட்டால் ஒன்றும் இல்லை. எக்கோவைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லுங்கள். வில்லுக்கு நேர் நடுவில் மைக் வைத்தால் வில்லில் கட்டிய மணிகளின் சத்தம் மட்டும் ஏறி, பாட்டு அமுங்கும். அண்ணாவிக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, குடத்துக்குத் தாழ்வாக ஒன்று, ஆக மூன்று போதும். நாதஸ்வரத்துக்கு, அதன் விரிந்த வாயான அணசுக்கு முன்னால் மூன்று, நாலு அடி தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் ஒலி கிழியும். தெருவில் சுற்றி வரும்போது அதற்கு மைக்கே வேண்டாம்.

மேடை எட்டடியில் போட்டால் வில்லும் ஆட்களும் அடங்கமாட்டார்கள். பன்னிரண்டுக்கு எட்டடி இருக்கட்டும். கூட்டம் பார்க்க வசதி என்று மேடையை ரோட்டுப் பக்கம் திருப்புகிற பழக்கமும் வந்திருக்கிறது. சாமியைப் பார்த்துப் பாடுகிற பாட்டு அது. முகம் கோயில் நடையை நோக்கித்தான் இருக்க வேண்டும்.

சாமியை வரவழைக்கிற வரத்து பாடும் நேரத்தில் “இன்னார் உபயம் ஐந்நூறு ரூபாய்” என்று மைக்கைப் பிடுங்கி அறிவிப்பதைப் போன்ற அவமரியாதை வேறில்லை. சாமியாடுகிறவருக்கும் அருள் கலையும். கதை நிற்கும் இடம் அண்ணாவிக்குத் தெரியும். அறிவிப்புகளைச் சீட்டில் எழுதி அவரிடமே கொடுங்கள். சினிமாப் பாட்டு கேட்கிறவர்கள் கதை முடிவில் வாழ்த்தாக வரும் வாழி பாடி முடியும் வரை பொறுக்கலாம்.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. விழா நாட்களுக்கு அரசு தளர்த்தினாலும் 12 மணிதான் எல்லை. அனுமதி வாங்காமல் விட்டு, நடுராத்திரிச் சாமக்கொடையில் பாதிக் கதையோடு போலீஸ் ஆம்ப்ளிஃபயரை அணைத்தால் பழி பாடுகிறவர்மேல்தான் விழும். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, எந்தக் கதை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அண்ணாவியிடம் கேட்டு, அதற்கேற்ப ஆரம்பியுங்கள்.

கேரளத்துச் செண்டை மேளம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1956 நவம்பர் வரை குமரியும் செங்கோட்டையும் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை. செண்டை நமக்கு அந்நியமில்லை. ஆனால் செண்டைக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் நாதஸ்வரமும் தவிலும் கொண்ட நம்மூர் நையாண்டி மேளத்தோடு பேரம் பேசுவது நியாயமா? இரண்டையும் ஒரே நேரத்தில் அடிக்க விடுவது அதைவிட மோசம். அரை மணி இடைவெளி விட்டால் இரண்டும் காதில் விழும்.

சாரல் காலத்தில் தவிலை நனைய விடாதீர்கள். ஈரம் பட்டால் தோல் தொய்ந்து நாதம் செத்துவிடும். ஊர்வலத்துக்கு ஒரு தார்ப்பாய் தயாராக இருக்கட்டும். ஊதுகிறவருக்குச் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்பே போடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மூச்சுப் பிடிக்க முடியாது. ஆறிப்போன பந்தி மிச்சத்தை நடுராத்திரியில் நீட்டுவதும் சரியில்லை.

பொன்னாடையைக் குறைத்து அந்தப் பணத்தைக் கவரில் வையுங்கள். வீட்டில் அடுக்கி வைத்த துண்டு அரிசி வாங்காது. வீடியோ போடுவதானால் கேட்டுவிட்டு, குழுவின் பெயரோடும் ஊரோடும் போடுங்கள். நோட்டீஸில் அண்ணாவி பெயர் மட்டும் போதாது, குடம், உடுக்கை, தவில்காரர் பெயர்களும் வரட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் கோயில் லெட்டர்பேடில் தேதியோடு ஒரு சான்று எழுதிக் கொடுத்தால், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியவோ கலை விருதுக்கு விண்ணப்பிக்கவோ போகும்போது கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.