ரோமக் கல்லறைக் கல்லைப் பார்த்து "இவர் குடிமகனா?" என்று கண்டுபிடிப்பது எப்படி

லத்தீன் இலக்கணம் எனக்கும் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். பயிற்சிக்கு இரண்டு கற்கள் எடுத்துக்கொள்வோம். இரண்டும் இங்கிலாந்தின் கோல்செஸ்டரில் கிடைத்தவை, கி.பி. 1-ஆம் நூற்றாண்டு ராணுவக்காரர்களுடையவை.

'ரோமன் இன்ஸ்கிரிப்ஷன்ஸ் ஆஃப் பிரிட்டன்' தளத்தில் எண் 200, 201 இரண்டையும் திறந்துகொள்ளுங்கள். கிளவுஸ்-ஸ்லாபி என்ற லத்தீன் கல்வெட்டுத் தரவுத்தளம் இதைவிடப் பெரியதுதான், ஆனால் ஆரம்பத்திலேயே அதற்குள் போனால் தலை சுற்றும். மொழிபெயர்ப்பை இப்போதைக்குப் பார்க்க வேண்டாம்.

படி 1: பெயரை எண்ணுங்கள். 200-இல் எம் (மார்க்கஸ்), ஃபவோனியஸ், ஃபசிலிஸ் என்று மூன்று. குடிமகனின் பெயர் இப்படித்தான் இருக்கும். 201-இல் லாங்கினஸ் ஸ்டபேசே.

படி 2: 'எஃப்' எழுத்தைத் தேடுங்கள். மகன் என்று பொருள். நான் சறுக்கியது இங்கேதான். இரண்டு கல்லிலும் எஃப் இருக்கிறது, லாங்கினஸ் என்பதும் அசல் ரோமப் பெயர், ஆக இரண்டு பேரும் குடிமக்கள் என்று ஒரு மாலை முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது எஃப்-ஐ அல்ல, அதற்கு முன்னால் இருப்பதை! ஃபசிலிஸுக்கு 'எம். எஃப்', அதாவது மார்க்கஸின் மகன். அப்பா பெயர் ஒற்றை எழுத்தில் முடிந்துவிடுகிறது, ஏனென்றால் ரோமர்களின் முதற்பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. லாங்கினஸுக்கோ 'மட்டிகி எஃப்'. சுருக்க வழியில்லாத திரேசிய (பால்கன் பகுதி) அப்பா.

படி 3: எஃப்-ஐ அடுத்து மூன்றெழுத்து. ஃபசிலிஸுக்கு 'பொல்', பொல்லியா என்ற வாக்காளர் பிரிவு. மொத்தம் 35 பிரிவுகள். குடிமகன் ஏதாவது ஒன்றில் பதிவாகியிருக்க வேண்டும். இது இருந்தால் சந்தேகமே வேண்டாம். லாங்கினஸுக்கு இல்லை. அவர் துணைப்படைக் குதிரைவீரர், அதாவது பெரும்பாலும் குடியுரிமை இல்லாதவர்களைச் சேர்த்த படை. அந்தப் படையில் பொதுவாக 25 ஆண்டு பணி முடித்தால்தான் குடியுரிமை. கல்லிலேயே கணக்கு இருக்கிறது: வயது 40, பணி 15 ஆண்டு. 25-ஐ எட்டவில்லை.

படி 4: 'லிப்'. விடுதலையான அடிமை. ஃபசிலிஸுக்குக் கல் நட்டது வெரெகுண்டஸ், நொவிகியஸ் என்ற இரண்டு லிப்-கள். குடிமகன் தன் அடிமையை முறைப்படி விடுவித்தால் அந்த அடிமையும் குடிமகன். பதவிக்கு மட்டும் வர முடியாது. அப்படிப் பார்த்தால், சுதந்திரமாகப் பிறந்து ரோமுக்காகப் போரிட்ட லாங்கினஸுக்குக் கிடைக்காதது நேற்றைய அடிமைக்குக் கிடைத்துவிடும்!

பிற்சேர்க்கை: "பிரிவுப் பெயர் இல்லாவிட்டால் குடிமகன் இல்லையா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அப்படி முடிவுகட்ட வேண்டாம். பெண்களின் கல்லில் அது பொதுவாக இருக்காது. காலம் போகப்போக ஆண்களும் அதை எழுதுவதை விட்டுவிட்டார்கள். கி.பி. 212-இல் பேரரசர் கராகல்லா, பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்துவிட்டார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவருடைய குடும்பப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அதனால் 3-ஆம் நூற்றாண்டுக் கல்லில் வரிசையாக அவுரேலியஸ், அவுரேலியஸ் என்று வந்தால் இந்த முறையை மூட்டைகட்டி வைத்துவிடுங்கள்.