வீட்டு சிஎன்சிக்கு ஸ்டெப்பர் மோட்டார்: பெரியதாகப் பார்த்து வாங்கி நான் பட்ட பாடு

என் முதல் சிஎன்சி ரூட்டருக்கு (கணினி சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) 3 நியூட்டன் மீட்டர் (சுழற்றும் பலத்தின் அளவு) ஸ்டெப்பர் மோட்டார் மூன்று வாங்கினேன். ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு சிறு படி, அதாவது ஒரு 'ஸ்டெப்', திரும்பும் மோட்டார் இது. கடையில் இருந்ததிலேயே பெரியவை அவைதான். வீட்டில் சும்மா கிடந்த 24 வோல்ட் பவர் சப்ளையை மாட்டி, வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகை செதுக்க விட்டேன். மெதுவாக வெட்டும்போது ஒரு குறையும் இல்லை. ஓர் எழுத்தை முடித்து அடுத்ததற்குத் தாவும்போது மட்டும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் வந்த எழுத்தெல்லாம் 4 மி.மீ. தள்ளி விழுந்தது.

லேபிளில் போட்டிருந்த 3 என்பது மோட்டார் அசையாமல் நிற்கும்போது பிடித்துக்கொள்ளும் பலம். ஓடத் தொடங்கினால் அது குறையும். வேகம் ஏற ஏற இன்னும் குறையும். நமக்கு வேண்டியது ஓடும்போது மிஞ்சுகிற பலம்.

படி 1: எவ்வளவு தள்ள வேண்டும்?

ஒட்டுப்பலகையும் எம்டிஎஃப்பும் (மரநார்ப் பலகை) வெட்டும் ஒரு சிறிய ரூட்டரை எடுத்துக்கொள்வோம். நகரும் பாகத்தின் எடை 12 கிலோ. அதை வினாடிக்கு வினாடி 500 மி.மீ. வேகம் கூடும்படி முடுக்க 6 நியூட்டன் போதும். தண்டவாள உராய்வுக்கு 20, வெட்டும்போது மரம் காட்டும் எதிர்ப்புக்கு 100 என்று வைப்போம். மொத்தம் 126. மரத்தில் கணு வரும், பிட் (வெட்டும் முனை) மழுங்கும், மோட்டாரின் சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் ஸ்க்ரூவையும் சுழற்றியாக வேண்டும். அதனால் இரட்டிப்பாக்கி 250 நியூட்டன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: ஸ்க்ரூவை முடிவு செய்யுங்கள்

மோட்டாரைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பலர் மாற்றிச் செய்கிறார்கள். மோட்டார் தர வேண்டிய பலத்துக்கான கணக்கு எளிது: விசையை, ஒரு சுற்றுக்கு ஸ்க்ரூ நகர்த்தும் தூரத்தால் (மீட்டரில்) பெருக்கி, வருவதை 6.28-ஆலும் ஸ்க்ரூவின் திறனாலும் (உராய்வு போக மிஞ்சும் பங்கு) வகுக்க வேண்டும்.

சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் பால் ஸ்க்ரூவின் (உள்ளே குண்டுகள் உருளும் வகை) திறன் ஏறக்குறைய 0.9. விடை 0.22 நியூட்டன் மீட்டர். சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் டி8 லீட் ஸ்க்ரூ (குண்டுகள் இல்லாத சாதாரண வகை) என்றால், உராய்வு அதிகம் என்பதால் திறனை 0.4 என்று வைப்போம். விடை 0.8. அதே வேலைக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு! மோட்டாரில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் ஸ்க்ரூவில் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கலாம்.

படி 3: நெமா 17-ஆ, 23-ஆ?

நெமா என்பது மோட்டார்களுக்கான ஓர் அளவுத் தரம். இந்த எண் முகத்தகட்டின் அளவை மட்டுமே சொல்லும். 17 என்றால் 1.7 அங்குலம், 23 என்றால் 2.3 அங்குலம். பலத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. சில கடைகள் பலத்தை கி.கி.-செ.மீ.யில் போடுவார்கள், பத்தால் வகுத்தால் ஏறக்குறைய நியூட்டன் மீட்டர் வந்துவிடும்.

3018 போன்ற மேசைமேல் செதுக்கிகளுக்கு நெமா 17 போதும். நம் ரூட்டருக்கு 1.2 முதல் 1.9 நியூட்டன் மீட்டர் வரையுள்ள நெமா 23 சரியாக இருக்கும். வேகத்தில் பலம் பாதிக்கு மேல் குறைந்தாலும் 0.22-க்குக் குறையாமல் மிஞ்சும். தண்டின் தடிமன் 6.35 மி.மீ.யாகவும் இருக்கும், 8 ஆகவும் இருக்கும். மோட்டார் கைக்கு வந்தபின், தண்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கை வாங்குங்கள்.

படி 4: வோல்ட்டும் தூண்டமும்

என் பெயர்ப்பலகை கெட்டது இங்கேதான். மோட்டாரின் சுருளில் மின்னோட்டம் உடனே ஏறாது. மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் சுருளின் குணமான தூண்டம் (inductance) அதைத் தடுக்கும். வேகமாக ஓடும்போது, மின்னோட்டம் முழுதாக ஏறுவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடும். பலம் குறைந்து மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடும், அதுதான் அந்தக் 'கிர்ர்'. வோல்ட் அதிகமானால் சீக்கிரம் ஏறும்.

தரவுத்தாளில் தூண்டம் மில்லிஹென்றியில் இருக்கும். அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்கினால் அந்த மோட்டாருக்கு ஏற்ற உச்ச வோல்ட் கிடைக்கும். 2.5 மில்லிஹென்றிக்கு 50 வோல்ட். அதற்கு 36 கொடுத்தால் நன்றாகவே ஓடும். என் ராட்சதனுக்கு 6.8. கணக்குப்படி 83 வோல்ட் வரை தாங்கும், நான் கொடுத்ததோ 24. ஒரே அளவில் இரண்டு மோட்டார் இருந்தால் தூண்டம் குறைந்ததை எடுங்கள்.

தரவுத்தாளில் 3 வோல்ட் என்றும் ஒன்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மின்னோட்டத்தை, மோட்டாரை ஓட்டும் மின்சுற்றான டிரைவர் கட்டுப்படுத்திக்கொள்ளும்.

படி 5: டிரைவர்

விரல்நகம் அளவு ஏ4988 நெமா 17-க்குத்தான். 2.8 ஆம்பியர் நெமா 23-க்கு டிஎம்542 வகையும், மூன்று மோட்டாருக்கும் சேர்த்து 36 வோல்ட், 10 ஆம்பியர் சப்ளையும் தாராளம். டிரைவரின் ஸ்விட்சுகளில் மோட்டாரின் ஆம்பியரைத் தாண்ட வேண்டாம். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றினால் டிரைவர் போய்விடும், கவனம்.

நான்கு ஒயரில் எது எதற்கு ஜோடி என்று தெரியவில்லையா? எதிலும் இணைக்காத மோட்டாரில் இரண்டு ஒயர்களைத் தொடவைத்துத் தண்டைத் திருகுங்கள். இறுக்கமாக இருந்தால் அவை ஒரே சுருள்.

படி 6: மைக்ரோஸ்டெப்

சுற்றுக்கு 200 ஸ்டெப். ஒவ்வொரு ஸ்டெப்பையும் டிரைவர் எட்டாகப் பிரித்தால் (இதுதான் மைக்ரோஸ்டெப்) 1600; 5 மி.மீ. ஸ்க்ரூவில் மி.மீ.க்கு 320. நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஓட வினாடிக்கு 16,000 துடிப்பு வேண்டும். ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள் 30,000 வரை தரும். ஆசைப்பட்டு 32-ஆகப் பிரித்தால் 64,000 ஆகிவிடும், எட்டாது. துல்லியமும் அந்த அளவுக்குக் கூடிவிடாது. எட்டோடு நிறுத்துங்கள்.

எல்லாம் மாட்டியபின், பிட் இல்லாமல் ஓர் அச்சை மட்டும் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஜிஆர்பிஎல்லின் $110 அமைப்பில் உச்ச வேகத்தை நிமிடத்துக்கு 500, 500 மி.மீ. ஆகக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அந்தக் 'கிர்ர்' கேட்கும். அந்த வேகத்தில் 70 விழுக்காட்டை அமைத்துவிட்டு, $111, $112-இல் மற்ற இரண்டு அச்சுகளுக்கும் இதையே செய்யுங்கள். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலைத் தூக்கும் செங்குத்து அச்சுக்கு இன்னும் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.