சிலேட்டைப் பார்த்துவிட்டுப் படுக்கும் காவல்காரர்: சர்வர் நிரல்களில் சிக்னல் தவறுகள்

ஆடி மாசம் முப்பந்தல் வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். அந்தப் பக்கத்துக் காற்றாலைகள் சிலவற்றின் அளவீடுகளை வாங்கிச் சேர்க்கும் ஒரு சர்வர் நிரலை நாகர்கோவிலில் உட்கார்ந்து கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டேன். சீசன் முழுக்க ஒரு புகாரும் இல்லை. காற்று அடங்கிய மாசியில் ஒருநாள் சிக்டெர்ம் (ஓடும் நிரலிடம் 'முடித்துக்கொள்' என்று சொல்லும் சிக்னல், சுருக்கமாக டெர்ம்) அனுப்பி நிறுத்தச் சொன்னால் நிற்கவில்லை. "ஏலே மக்கா, டெர்ம் அனுப்பி எவ்வளவு நேரமாச்சு, அசையவே மாட்டேங்கு!" என்றார் கூட வேலை பார்த்த அண்ணன். லினக்ஸில் சர்வர் நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி, 90 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் வழக்கப்படி, மறுக்க முடியாத சிக்கில் சிக்னலை அனுப்பி முடித்து வைத்தது. வட்டில் எழுதாமல் நினைவகத்தில் கிடந்த அளவீடுகள் அதோடு போயின.

நிரல் செய்தது எல்லோரும் செய்வதுதான். சிக்டெர்ம் வந்தால் அதற்கென்று எழுதிவைத்த ஹேண்ட்லர் என்ற துணுக்கு ஓடி, ஃபிளாக் என்ற அடையாள மாறியை 1 ஆக்கும். லூப் ஃபிளாகைப் பார்க்கும். 0 என்றால் செலக்ட்டை அழைத்து, ஏதாவது சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் முனை) தரவு வரும்வரை தூங்கும். தூக்கத்தில் சிக்னல் வந்தால் செலக்ட் கலைந்து -1 தரும், லூப் மறுபடி ஃபிளாகைப் பார்த்து வெளியேறும். படித்தால் சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு காவல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது கதவைத் தட்டினால் எழுந்துவிடுவார். விழித்திருக்கும்போது தட்டினால் சிலேட்டில் ஒரு கோடு போட்டுவைப்பார். படுக்குமுன் சிலேட்டைப் பார்க்கிறார், கோடு இல்லை. பாயை விரிக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தட்டு விழுகிறது. கோட்டைப் போட்டுவிட்டு, சிலேட்டைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே என்று படுத்துவிடுகிறார். கோடு சிலேட்டில் இருக்கிறது, அவர் குறட்டையில் இருக்கிறார்.

ஃபிளாகைப் பார்ப்பதற்கும் செலக்ட்டுக்குள் நுழைவதற்கும் இடையே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளிதான் முதல் தவறு. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். காற்று சீசனிலும் சிக்னல் அந்த இடைவெளியில் விழுந்திருக்கலாம். ஆனால் அடுத்த அளவீடு உடனே வந்து செலக்ட்டை எழுப்பிவிடும், லூப் ஃபிளாகைப் பார்த்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. காற்றாடி நிற்கும் மாதத்தில் எழுப்ப ஆளில்லை. சுமை ஏற்றிச் சோதித்தோம், எல்லாம் சரி என்று சொல்பவர்களிடம் இந்தப் பிழை அகப்படாது.

உடனே எல்லோர் கையும் போகும் இடம் டைம்அவுட். செலக்ட்டுக்கு 1 நொடி கொடுத்துவிட்டால் எப்படியும் எழுந்து பார்க்குமே என்று நானும் அதைத்தான் முதலில் செய்தேன். நிற்கும், ஆனால் இடைவெளி அங்கேயேதான் இருக்கிறது, அதன் விலையை 1 நொடியாகக் குறைத்திருக்கிறோம், அவ்வளவுதான். வேலையே இல்லாத ராத்திரியிலும் நொடிக்கு ஒரு முறை எழுந்து படுக்கும் நிரல் எனக்குப் பிடிக்கவில்லை.

சரியான வழி பிசெலக்ட். செலக்ட்டேதான், கூடவே எந்தெந்தச் சிக்னலைத் தடுப்பது என்ற பட்டியலையும் (மாஸ்க்) வாங்கிக்கொள்ளும். முதலில் சிக்டெர்மைத் தடுத்து வைக்க வேண்டும். பிறகு ஃபிளாகைப் பார்க்க வேண்டும். பிறகு, தடை இல்லாத மாஸ்க்கைக் கொடுத்து பிசெலக்ட்டை அழைக்க வேண்டும். தடையை நீக்குவதையும் தூங்கப் போவதையும் இயங்குதளத்தின் கருவான கர்னல் ஒரே செயலாகச் செய்கிறது. இடையில் வந்து காத்திருந்த சிக்னல் இருந்தால் தூங்காமலே திரும்பிவிடும். இதிலும் சறுக்குபவர்கள் உண்டு: பெயரை மட்டும் பிசெலக்ட் என்று மாற்றிவிட்டு, முன்கூட்டித் தடுப்பதை விட்டுவிடுவார்கள். அப்படியானால் பழைய ஓட்டைதான், புதுப் பெயரில். லினக்ஸ் கர்னலுக்கே இந்த அழைப்பு 2006-இல், 2.6.16 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் சி மொழியின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி மாஸ்க்கை மாற்றுவதையும் செலக்ட்டையும் அடுத்தடுத்து அழைத்து ஒப்பேற்றியது. செலக்ட்டின் வேலையையே செய்யும் மற்ற அழைப்புகளிலும், 'போல்' என்பதற்கு பிபோல், 'எபோல்' என்பதற்கு எபோல்_பிவெயிட் என்று ஜோடிகள் இருக்கின்றன.

இன்னொரு வழி பழையது, எங்கும் ஓடும். ஒரு பைப்பை (ஒரு முனையில் எழுதியதை மறுமுனையில் படிக்கும் குழாய்) திறந்து, அதன் படிக்கும் முனையையும் செலக்ட் பார்க்கும் பட்டியலில் சேர்ப்பது. சிக்னல் வந்தால் ஹேண்ட்லர் அதில் ஒரு பைட் எழுதும். சிக்னலும் ஒரு உள்ளீடாகிவிடும். டி. ஜே. பெர்ன்ஸ்டைன் பரப்பிய உத்தி இது. பைப்பின் இரு முனைகளும் தடுக்காத நிலையில், அதாவது படிக்கவோ எழுதவோ முடியாவிட்டால் காத்திருக்காமல் திரும்பும் நிலையில், இருக்க வேண்டும். மறந்தால், பைப் நிரம்பிய நாளில் ஹேண்ட்லரே எழுத முடியாமல் உறைந்து நிற்கும். லினக்ஸில் மட்டும் ஓடினால் போதும் என்றால் சிக்னலைக் கோப்புபோலப் படிக்க விடும் சிக்னல்எஃப்டி இருக்கிறது, ஆனால் அதற்காகத் தடுத்த மாஸ்க், புது ப்ராசஸை உண்டாக்கும் ஃபோர்க், அதில் வேறு நிரலை ஏற்றும் எக்செக் இரண்டையும் தாண்டிக் குழந்தை ப்ராசஸுக்கும் போகும். நீங்கள் ஓட்டிவிட்ட வேறு நிரல் டெர்முக்கு மசியாமல் நின்றால் முதலில் அதைப் பாருங்கள்.

ஹேண்ட்லருக்குள் என்ன எழுதுகிறோம் என்பது அடுத்த ஆபத்து. நிரல், நினைவகம் ஒதுக்கும் மாலாக்கின் நடுவே இருக்கும்போது சிக்னல் வந்து, ஹேண்ட்லரும் மாலாக்கை அழைத்தால், பாதி மாற்றிய நினைவகக் கணக்கில் இன்னொரு கை நுழைகிறது. அச்சிடும் பிரிண்ட்எஃப், கணினியின் பதிவேட்டில் எழுதும் சிஸ்லாக் எல்லாமே அந்த வகைதான். சும்மா மிரட்டவில்லை: தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் இருப்பதாக 2024 ஜூலையில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஓட்டை இதேதான். லாகின் செய்ய 120 நொடிக் கெடு முடிந்ததும் வரும் சிக்அலார்மின் ஹேண்ட்லர் சிஸ்லாக்கை அழைத்தது; லாகின் செய்யாத ஆள், முழு அதிகாரமுள்ள ரூட் ஆகிவிடக் கூடிய நிலை. 2006-இல் அடைத்த ஓட்டை, 2020-இல் செய்த ஒரு மாற்றத்தால் மறுபடி திறந்துகொண்டது. ஹேண்ட்லரில் வாலடைல் சிக்_அடாமிக்_டி வகை (பாதியில் அறுபடாமல் ஒரே வீச்சில் மாறும்) ஃபிளாகை மாற்றுங்கள், அல்லது ரைட் மூலம் ஒரு பைட் எழுதுங்கள். கடைசிப் பிழையின் எண் இருக்கும் எர்நோவை ரைட் கலைத்துவிடும் என்பதால் முதலில் சேமித்து, போகும்போது திரும்ப வையுங்கள். வேறு வேலை அங்கே வேண்டாம்.

செலக்ட் -1 தந்து எர்நோவில் ஈஇன்டர் (சிக்னல் வந்து கலைந்தது என்ற குறி) இருந்தால் அது பழுதல்ல. கலைந்த அழைப்பைத் தானாக மறுபடி தொடங்கச் சொல்லும் எஸ்ஏ_ரீஸ்டார்ட் போட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். லினக்ஸில் செலக்ட், போல், எபோல்_வெயிட் மூன்றையும் அது காப்பாற்றாது. இன்னொன்று: அப்படித் திரும்பும்போது நீங்கள் கொடுத்த பட்டியல் மாறாமல் அப்படியே இருக்கும். -1 என்பதைக் கவனிக்காமல் அதைப் பார்த்தால் எல்லாச் சாக்கெட்டும் தயார் என்று தோன்றும், ரீட் போய்த் தொங்கும்.

மூன்று குழந்தை ப்ராசஸ்கள் சேர்ந்தாற்போல் முடிந்தால், அதைச் சொல்லும் சிக்சைல்ட் ஒன்றே ஒன்றாகவும் வரலாம், ஏனென்றால் சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்காது. முடிந்த குழந்தையின் கணக்கை முடிக்கும் வெயிட்பிட்டை ஒரு சிக்னலுக்கு ஒன்று என்று எழுதினால், கணக்கு முடியாத சோம்பி ப்ராசஸ்கள் குவியும். இனி முடிந்தவை இல்லை என்று சொல்லும்வரை, காத்திருக்காமல் திரும்பச் சொல்லும் டபிள்யூநோஹேங்குடன் சுற்ற வேண்டும். சிக்பைப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: எதிர்முனை மூடிய சாக்கெட்டில் எழுதினால் முழு சர்வரையும் அது சாய்க்கும், தொடக்கத்திலேயே புறக்கணிக்கச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பிழையைக் கடைசியில் பிடித்தது இப்படித்தான்: ஃபிளாகைப் பார்க்கும் வரிக்கும் செலக்ட்டுக்கும் நடுவே 10 நொடி ஸ்லீப் போட்டு, அந்த நேரத்தில் டெர்ம் அனுப்பினோம். ஸ்லீப் கலைந்தது, ஃபிளாக் 1 ஆனது, நிரல் நேரே செலக்ட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பிசெலக்ட்டுக்கு மாற்றிய பிறகு அதே சோதனை: டெர்ம் வந்தும் ஸ்லீப் கலையவில்லை, 10 நொடி முடிந்ததும் பிசெலக்ட் ஈஇன்டருடன் உடனே திரும்பியது. "இப்ப நிக்கும்லா" என்று அண்ணன் எழுந்து டீ குடிக்கப் போனார்.