தூண்டில்காரருக்கு ஒரு குறடு: மலிவாக வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் திருகோணமலையில் தூண்டில் கம்பு பிடிக்கும் கைகள் கூடிவிடும். டச் பே கரையிலும் உள்துறைமுக ஓரத்திலும் கிண்ணியாப் பாலத்துப் பக்கமும் பின்னேரங்களில் புதுமுகங்கள்தான். கம்பும் ரீலும் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். வீடியோ பார்த்து முடிச்சும் நன்றாகவே பழகியிருக்கிறார்கள். குறடு வாங்கும்போதுதான் சறுக்குகிறார்கள், அதுவும் நாங்கள் பழகிய காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்.

உப்புத் தண்ணீர் பட்டால் கழுவ வேண்டும், ஈயக்குண்டைப் பல்லால் கடிக்கக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்த விஷயம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே குறடு எல்லாம் செய்யும் என்று நம்புவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான்.

நீலத்திலும் சிவப்பிலும் பளபளக்கும் அலுமினியக் குறட்டைக் கடையில் பார்த்திருப்பீர்கள். கொக்கி கழற்றும், வளையம் திறக்கும், பிரெய்ட் எனும் பின்னல் நூல் வெட்டும், கம்பி வெட்டும், ஈயம் நசுக்கும் என்று அட்டையில் வரிசையாகப் போட்டிருக்கும். 2022இல் ரூபாய் விழுந்ததிலிருந்து இறக்குமதிச் சாமான் எதுவும் மலிவில்லை. அதனால் ‘ஒன்றை வாங்கினால் எல்லா வேலையும் முடிந்துவிடும்’ என்று பொடியன்கள் இருக்கிற காசு முழுவதையும் அதில் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் குறட்டின் பக்கவாட்டில் திருகாணி போட்டுப் பொருத்திய இரண்டு சின்னத் தகடுகள் இருக்கும். நல்லதாக இருந்தால் அவை டங்ஸ்டன் கார்பைட். மிகக் கடினமான பொருள், ஆனால் நொறுங்கக்கூடியது. பிரெய்டையும் தங்கூசி என்கிற நைலோன் நூலையும் வெட்டத்தான் அது. பல்லுள்ள சீலா மீனுக்குக் கட்டுகிற எஃகுக் கம்பியையோ கொக்கியையோ அதில் வைத்து நெரித்தால் விளிம்பில் ஒரு துளி உடையும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நகத்தை விளிம்போடு மெல்ல இழுத்துப் பாருங்கள், ஓரிடத்தில் தட்டும். அடுத்த முறை பிரெய்ட் அந்தப் பள்ளத்துக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். வெட்டுப்படாமல் இழை இழையாகப் பிரிந்து நிற்கும். அதோடு அந்தக் குறட்டுக்குக் கொடுத்த காசில் பாதி போயிற்று.

காசு போனால் போகட்டும். ஒரு பின்னேரம் உள்துறைமுகப் பக்கம் ஒரு தம்பி லூர், அதாவது மீன் மாதிரிச் செய்த பொய் இரை, போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பாரைக்குட்டி பிடிபட்டது. பின்பக்க மும்முனைக் கொக்கி மீனின் வாயில். கழற்றப் போனவுடன் மீன் துள்ளியது, முன்பக்கக் கொக்கி அவன் பெருவிரலில் எதிர்முள்ளோடு இறங்கிவிட்டது. மீன் ஒவ்வொரு துடிப்புத் துடிக்கும்போதும் லூர் அவன் விரலை இழுத்தது. கொக்கியை வெட்டினால்தான் விரலை விடுவிக்கலாம். அங்கே நின்றவர்களிடம் நாலு அலுமினியக் குறடுகள் இருந்தன. நாலும் கொக்கியில் கோடு போட்டதோடு சரி. கடைசியில் வீதியில் நின்ற ஆட்டோக்கார நானா சீற்றுக்கு அடியிலிருந்து ஒரு பழைய சைட் கட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “தம்பி, கையை ஆட்டாதீங்க” என்று சொல்லி ஒரே நெரி. கொக்கி துண்டானது. மீன் ஒரு பக்கம், பொடியன் ஆஸ்பத்திரிக்கு. அங்கே விரலை மரக்கவைத்து, முனையை மறுபக்கமாகத் தள்ளி எடுத்து, எதிர்முள்ளை வெட்டிவிட்டு மிச்சத்தை வந்த வழியே உருவினார்கள். ஏற்பு ஊசியும் போட்டார்கள்.

அந்த நாலு குறட்டுக்கும் கொடுத்த காசைக் கூட்டினால் அது எத்தனை சைட் கட்டருக்குப் போதும்!

ஆகவே காசைப் பிரியுங்கள். சாதாரண நீள்மூக்குக் குறடு ஒன்று, கொக்கி கழற்ற. ஹாட்வெயார் கடையில் மின்வேலைக்காரர் வாங்குகிற சைட் கட்டர் ஒன்று, கொக்கிக்கும் கம்பிக்கும் மட்டும். தையல் நூல் வெட்டுகிற கூரான சின்னக் கத்தரிக்கோல் ஒன்று, பிரெய்டுக்கு. மூன்றையும் சேர்த்தாலும் பல இடங்களில் அந்த வண்ணக் குறட்டின் விலை வராது.

சைட் கட்டர் துருப்பிடிக்கும்தான். எண்ணெய்த் துணியில் சுற்றி மூடியுள்ள பெட்டிக்குள் போட்டு வையுங்கள். வாங்கியவுடன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள்: நீங்கள் பாவிக்கிற ஆகத் தடித்த கொக்கியைத் துணியால் மூடிக்கொண்டு அதில் வெட்டிப் பாருங்கள். துண்டு தெறித்துக் கண்ணில் படக்கூடும், துணி கட்டாயம். வெட்டவில்லையா, கைப்பிடி நீளமான பெரியதாக மாற்றிக்கொள்ளுங்கள். கட்டரின் அடிப்பகுதியில், அச்சுக்குக் கிட்ட வைத்து நெரித்தால்தான் முழுப் பலமும் கிடைக்கும். கொக்கி கண்ணுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தால் மட்டும் எதையும் வெட்டவோ இழுக்கவோ போக வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல்லோடு திருப்திப்படுவது

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பல ரகம். மலிவுக் குறடுகளில் அதிகம் வருவது 420 போன்ற ரகம். ஏறத்தாழ 12 முதல் 14 விழுக்காடு குரோமியம் இருக்கும், சூடாக்கிக் கடினப்படுத்தலாம், கூர் நிற்கும். ஆனால் கடல் உப்பில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு அளவில் இருக்கும். 316இல் 2 முதல் 3 விழுக்காடு மொலிப்டினமும் சேரும், அதனால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். இந்த இரண்டையும் சூடாக்கிக் கடினப்படுத்த முடியாது.

சிலர் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்து, ஒட்டினால் போலி என்று சண்டை பிடிக்கிறார்கள். தேவையில்லாத சண்டை. 420 காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும். வாய்க்கு அந்தக் கடினம் வேண்டும். கழுவி உலர்த்தி அச்சில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டால் அது பல காலம் ஓடும். நான் பார்ப்பது ஸ்பிரிங்கை. வாய் ஸ்டெயின்லெஸ் ஆக இருந்தாலும் உள்ளே சாதாரண இரும்பு ஸ்பிரிங் வைத்து விற்கிறார்கள், முதலில் போவது அதுதான். வெளியே தெரிகிற, கழற்றி மாற்றக்கூடிய ஸ்பிரிங் நல்லது.

அலுமினிய உடலில் எஃகுத் திருகாணி போட்ட குறட்டுக்கு வேறு பிரச்சினை. இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியம்தான் அரிக்கப்படும். திருகாணியைச் சுற்றி வெள்ளை மாவு பூக்கும், பிறகு அதைக் கழற்றவே முடியாது. வண்ணப்பூச்சு கீறுப்படும்வரைதான் காவல்.

மூக்கு நீளமாக இருந்தால் நல்லது என்று எடுப்பது

பேத்தையின் பல்லுக்கும் சீலாவின் பல்லுக்கும் கை தூரத்தில் இருக்க வேண்டும், சரி. ஆனால் மூக்கு நீள நீள நுனியின் பிடி குறையும். நீளமூக்கு வேண்டுமென்றால் கைப்பிடியும் அதற்கேற்ற நீளமாக இருக்க வேண்டும். கரையிலிருந்து விளைமீனும் சின்னப் பாரையும் பிடிக்கிறவருக்கு மொத்தம் 6 அல்லது 7 அங்குலம் போதும்.

ஓரா பிடிக்கிறவருக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த மீனுக்கு வாய் சின்னது, செட்டை முள்ளில் விஷம். தடித்த மூக்கு அந்த வாய்க்குள் போகாது. போகவில்லை என்று மீனை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறபோதுதான் குத்து வாங்குகிறார்கள். சின்னக் கொக்கிகளுக்கு, மருந்துக்கடைகளில் கிடைக்கிற, சத்திரசிகிச்சைக்குப் பாவிக்கிற பூட்டுப்போடும் இடுக்கி அருமையானது. கொக்கியின் தண்டில் பூட்டிவிட்டால் கை வழுக்கினாலும் பிடி விடாது. பெரிய கொக்கிக்கு அதைப் பாவிக்காதீர்கள், கீல் விலகிவிடும்.

வளையம் திறக்கும் கொக்குமுனை

லூரில் கொக்கியை மாட்டும் வளையத்தைத் திறக்க, குறட்டு நுனியில் வைத்த வளைந்த பல் அது. லூர் போடாதவருக்கு வேண்டாம். மெல்லிய கொக்கியைப் பிடிக்க இடைஞ்சல்.

கடையில் திறந்து பார்க்காமல் வாங்குவது

பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விடாத கடையில் நான் குறடு வாங்குவதில்லை. குறட்டின் வாயை மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நுனி இரண்டும் முதலில் தொட வேண்டும், பிறகு அழுத்தினால் பின்பகுதி மூட வேண்டும். நுனியில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். பிறகு ஒரு துண்டு மெல்லிய தங்கூசியை நுனியில் கடிக்கவிட்டு இழுத்துப் பாருங்கள், உருவிக்கொண்டு வந்தால் அதுவும் வேண்டாம். இரண்டு கைப்பிடியையும் எதிரெதிர்ப் பக்கமாக ஆட்டினால் அச்சு தளர்ந்திருக்கிறதா என்று தெரியும். புதிதிலேயே ஆடுகிற அச்சு, பிறகு இறுகப் போவதில்லை.

குறட்டுக்குக் கயிறு கட்டாமல் பாறையில் ஏறுவது

ஏறாதீர்கள். சுருள்கயிறு குறட்டை விட மலிவு.

உறையோடு வைத்துவிடுவது

குறட்டைக் கழுவுகிறவர்கள்கூட உறையைக் கழுவுவதில்லை. நைலோன் உறை உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். கழுவிய குறட்டை அதற்குள் திரும்பச் செருகினால் கழுவாத மாதிரித்தான். வீட்டில் இரண்டையும் தனித்தனியே தொங்கவிடுங்கள்.

முடிச்சைக் குறட்டுப் பல்லால் இறுக்குவது

இறுக்கலாம், ஆனால் முடிச்சு போட்டு மிஞ்சிய வால் நுனியை மட்டும் பிடித்து. ரீலுக்குப் போகிற தங்கூசியைப் பல் கடித்தால் அந்தத் தழும்பில்தான் அறுந்து போகும். கடைசி இழுப்பில், மீன் கரைக்கு வந்த பிறகு.