ப்ராசசர் தகட்டைத் தேய்த்துச் சமப்படுத்த

கம்ப்யூட்டர் ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றியும் சூடு குறையவில்லையா? பழைய பேஸ்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ப்ராசசர் மேல் புது பிளேடின் விளிம்பை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் ப்ராசசரின் மேல் உள்ள உலோகத் தகடு சமமாக இல்லை. கூலரின் அடிப்பகுதியையும் இப்படியே பார்த்துவிடுங்கள்.

தேய்ப்பதென்று முடிவு செய்தால், தடித்த கண்ணாடி மேல் வாட்டர் பேப்பரை (உப்புத்தாள்) ஒட்டிக்கொள்ளுங்கள். 400 நம்பர் தாளில் தொடங்கி 800, அப்புறம் 1200. ப்ராசசரின் அடிப்பக்கத்தை டேப்பால் மூடி, தகட்டின் மேல் மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். அழுத்தாமல் நேராக இழுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை 90 டிகிரி திருப்புங்கள். ஓரத்தில் கோடு அழிந்து நடுவில் நின்றால் அங்கே குழி. நிக்கல் பூச்சு போய், செம்பு முழுக்க ஒரே நிறமாகத் தெரிந்தால் சரி. பளபளப்பு தேவையில்லை.

செம்புத் தூள் மின்சாரம் கடத்தும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்த பிறகே பொருத்துங்கள்.

வாரண்டி கண்டிப்பாகப் போய்விடும். லேப்டாப்பில் உள்ளதுபோல் மேல்தகடு இல்லாத சில்லைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள், உடைந்துவிடும்.